நம்ம 'ங்க'வை இங்கிலீஷில் எங்கே வைப்பது?



"ரிட்டயர்டு ஆன பிறகு எப்படிப் பொழுது போகிறது டீச்சர்?" என்று போன வாரம் ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீர்கள். "கோயில், சீரியல், பேரப்பிள்ளை" என்று நீங்களே பதிலும் எழுதிவிட்டீர்கள். மூன்றும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் நான் வேறு ஒரு காரியம் செய்கிறேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். என் பதிவுகள் எப்போது சின்னதாக இருந்திருக்கின்றன?

நான் இப்போது இருப்பது பெரும்பாக்கம். தாம்பரத்தில் வேலை பார்த்த காலத்தில் இந்தப் பக்கம் ஏரியும் வயலும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலையில் இறங்கினால், ஒரே பெயரில் மூன்று நான்கு ஊர்கள் இருக்கின்றன. நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடிகள் ஒரு பெரும்பாக்கம். வெளிமாநில நோயாளிகள் வந்து தங்கும் பெரிய மருத்துவமனையைச் சுற்றி இன்னொன்று. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் கட்டடம் இங்கேதான் இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்தார்கள். இதெல்லாம் தாண்டி, 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அந்த வாரியம் கட்டிய 8 மாடி வீடுகள். 20,000-க்கும் மேல். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை, அதிலும் 2015 வெள்ளத்துக்குப் பிறகு, இங்கே கொண்டுவந்து குடிவைத்தார்கள். நகரத்தின் நடுவில் நடந்துபோய் வேலை பார்த்தவர்கள், இங்கிருந்து பஸ் ஏறித்தான் எங்கேயும் போக வேண்டும்.

அந்த வீடுகளில் இருக்கும் பிள்ளைகளில் பிளஸ் டூ முடித்தவர்கள், காலேஜைப் பாதியில் விட்டவர்கள், முழுசாக முடித்தவர்கள், எல்லோருக்கும் முதலில் கிடைக்கிற வேலை கவுண்டர் வேலைதான். துணிக்கடை, சூப்பர் மார்க்கெட், காபி ஷாப், மருத்துவமனையில் ஃப்ரண்ட் ஆபீஸ், பையன்களுக்கு டெலிவரி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் வேளச்சேரி, தி.நகர் வரைக்கும் போகிறார்கள். "பஸ்ஸுக்குக் காசு குடுத்தா அந்த வேலைக்குப் போறதே வேஸ்ட் மிஸ்" என்று ஒரு பெண் கணக்குப் போட்டுக் காட்டினாள். சரியான கணக்குதான்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அம்மா ஒருவர், என் பழைய தொழிலைத் தெரிந்துகொண்டு, "எம் பொண்ணுக்கு இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் பேசக் கத்துக்குடுங்க டீச்சர்" என்றார். அந்த ஒரு பெண் நாலு பேரைக் கூட்டி வந்தாள். இப்போது 14 பேர். சனி, ஞாயிறு வகுப்பு வைக்க முடியாது. ஊருக்கு லீவு என்றால் கடைக்கு அன்றுதான் கூட்டம். இவர்களுக்கு வார விடுமுறை செவ்வாய் அல்லது புதன். ஆகவே செவ்வாய் காலை 10 மணி. ஷிஃப்ட் உள்ளவர்கள் 12 மணிக்கு பஸ் பிடிக்க ஓடிவிடுவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பதினாலு பேரில் ஒரு பெண். 20 வயது. வேளச்சேரிப் பக்கம் ஒரு மாலில், ஒரு துணிக்கடையில் 3 மாத புரொபேஷன். நல்ல சிரித்த முகம். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வாரமே, 'ரூட்' என்று ஒரு வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். சூப்பர்வைசர் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி வந்தால் புரொபேஷனோடு சரி என்று சொல்லிவிட்டாராம். அவள் என்னிடம் வந்து கேட்டது இதுதான்:

"நான் இன்னா மிஸ் தப்பா கேட்டேன்? சிரிச்சிகினுதான் கேட்டேன். 'வாட் யூ வாண்ட்?'னு கேட்டேன். அதுக்குப் போயி எழுதிக் குடுத்துட்டாங்க."

அவளிடம், "இதையே தமிழில் கேட்டிருந்தால் எப்படிக் கேட்டிருப்பாய்?" என்றேன். யோசிக்கவே இல்லை. "இன்னா வேணும்கா?" என்றாள்.

பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் இலக்கணம் படித்தவர்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "இன்னா வேணும்கா?" என்பதில் ஒரு குறையும் இல்லை. அதில் மரியாதை முழுக்க அந்த 'க்கா'வில் இருக்கிறது. வேறு ஊராக இருந்தால் "என்னங்க வேணும்?" என்று அது 'ங்க'வில் இருக்கும். கோயம்புத்தூர்க்காரர் என்றால் ஒரு வாக்கியத்துக்கு மூன்று 'ங்க' போடுவார். நாம் மரியாதையைத் தனிச் சொல்லாக வைத்துக்கொள்வதில்லை. வினைச்சொல்லின் வாலிலும், உறவுமுறையிலும் ஒட்டி வைத்திருக்கிறோம். அவள் அந்த வாக்கியத்தை இங்கிலீஷுக்குக் கொண்டுபோனபோது சொற்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன, வால் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் போய் இறங்கியது "என்ன வேணும் உனக்கு?" கேட்டவருக்குக் கோபம் வந்ததும் நியாயம், இவளுக்கு அழுகை வந்ததும் நியாயம்.

இங்கிலீஷ்காரர்களுக்கு மரியாதை இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்கள் அதை வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். கட்டளையைக் கேள்வியாக்குவார்கள். 'கேன்' என்பதை 'குட்' ஆக்கி, 'வில்' என்பதை 'வுட்' ஆக்கி, ஒரு அடி பின்னால் தள்ளி நின்று கேட்பார்கள். 'சாரி', 'ப்ளீஸ்', 'ஜஸ்ட்' என்று முன்னாலும் பின்னாலும் மெத்தை போடுவார்கள். நம்மிடம் 'ஜஸ்ட்' இல்லையா? இருக்கிறது. "கொஞ்சம் நகருங்க" என்று பஸ்ஸில் சொல்கிறோமே, ஓர் அங்குலம் மட்டும் நகர்ந்தால் போதும் என்றா சொல்கிறோம்? அந்த 'கொஞ்சம்' அளவு அல்ல, மரியாதை. 'ஜஸ்ட் ஒன் மினிட் மேம்' என்பதில் உள்ள 'ஜஸ்ட்'டும் அதேதான்.

ஆக, எங்கள் வகுப்பில் நான் பலகையில் முதலில் எழுதியது டென்ஸ் இல்லை. நம்ம 'ங்க'. அதை இங்கிலீஷில் எங்கே வைப்பது என்று ஒவ்வொரு வாக்கியமாகத் தேடுகிறோம்.

'வாட் யூ வாண்ட்?' போய், 'ஹாய் மேம், ஆர் யூ லுக்கிங் ஃபார் எனிதிங்?' வந்தது. 'வெயிட்' என்பது "இருங்க" என்பதன் மொழிபெயர்ப்பு. 'ங்க' கழன்றுவிட்டதால் நாய்க்குச் சொல்வதுபோல ஆகிறது. அதற்கு 'ஜஸ்ட் எ மினிட் சார், லெட் மீ செக்.' 'நோ ஸ்டாக்' என்றால் கதவைச் சாத்துவது. 'சாரி மேம், வீ டோன்ட் ஹாவ் யுவர் சைஸ் ரைட் நௌ. கேன் ஐ ஷோ யூ அனதர் கலர்?' என்றால் சன்னலைத் திறந்து வைப்பது. 'டோன்ட் டச்' வேண்டவே வேண்டாம். 'லெட் மீ டேக் தட் அவுட் ஃபார் யூ.' அப்புறம் நம் எல்லோருக்கும் பழகிப்போன 'டெல் மீ'. போனை எடுத்ததும் "சொல்லுங்க" என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. நம் ஊர் இங்கிலீஷில் அது நிலைத்துவிட்டது, அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளியூர்க்காரர் காதில் அது அதட்டலாக விழலாம் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு சொன்னால் போதும்.

'க்கா'வுக்கு என்ன செய்வது? 'சிஸ்டர்' என்றால் மருத்துவமனை ஞாபகம் வரும். 'ஆன்ட்டி' என்றால், 35 வயதுப் பெண்மணியிடம் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கே புகார் எழுதுவார். 'மேம்', 'சார்' இரண்டையும் நம் ஊர்க் கடைகளில் வஞ்சனை இல்லாமல் பயன்படுத்துவதற்கு அடிமைப் புத்தி என்று சிலர் காரணம் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகள் தங்கள் 'அக்கா'வையும் 'அண்ணா'வையும் வைப்பதற்கு இங்கிலீஷில் கிடைத்த ஒரே பெஞ்சு அதுதான்.

'தேங்க் யூ' இன்னொரு தலைவலி. நாம் கடையில் நன்றி சொல்லும் வழக்கம் இல்லாதவர்கள். "வரேங்க" என்போம், முடிந்தது. காய்கறிக்காரம்மா கூடையில் கொசுறாக ஒரு கொத்து கறிவேப்பிலை போடுவாரே, அதுதான் அவருடைய 'தேங்க் யூ'. மால் கடையில் கறிவேப்பிலை போட முடியாது, வாயால்தான் சொல்ல வேண்டும். டொராண்டோவில் இருக்கும் என் தம்பி மகன் இதற்கு நேர்மாறாகக் கஷ்டப்பட்டிருக்கிறான். போன புதிதில், கடையில் பில் போடுகிறவர் 'ஹவ் ஆர் யூ டுடே?' என்று கேட்டதும் இவன் நின்று, சளி பிடித்திருக்கிறது என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. "அது கேள்வி இல்ல அத்தை, வணக்கம்" என்று எனக்கு விளக்கினான். கண்ணா, இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளாதே.

உச்சரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டைலாகப் பேசுவதற்காக நான் ஒரு நிமிஷமும் செலவழிப்பதில்லை. மூக்கால் பேசினால் சம்பளம் கூடாது. ஆனால் பணமும் பொருளும் மாறிப்போகும் இடங்கள் சில இருக்கின்றன. அங்கே விடுவதில்லை. 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் நம் வாயில் ஒன்றாகவே வரும், ஏனென்றால் தமிழில் அசையை அழுத்தி அர்த்தத்தை மாற்றும் பழக்கம் இல்லை. நான் அவர்களுக்குச் சொல்வது: பதினைந்துக்கு வால் நீளும், ஐம்பதுக்குத் தலை கனக்கும். அப்படியும் சந்தேகம் என்றால் 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1,300 ரூபாயை 'தர்ட்டீன் ஹண்ட்ரட்' என்று சொல்கிற வாடிக்கையாளர்கள் உண்டு. ஆயிரத்து முந்நூறு என்று எண்ணிப் பழகிய மூளை அங்கே ஒரு நொடி நின்றுவிடும். ஷர்ட், ஷார்ட்ஸ், ஸ்கர்ட் மூன்றையும் மேஜையில் போட்டு, நான் சொல்லச் சொல்ல எடுத்துக் காட்ட வேண்டும். பத்துக்குப் பத்து எடுக்கும்வரை விளையாட்டு நிற்காது.

ஒரு சின்ன விஷயம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் தன் நோட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறாள். அதில் ஒரு பக்கத்தில் 'பில்' என்று இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று காசுக்குக் கொடுக்கும் பில், இன்னொன்று மாத்திரை. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான்! அவளே யோசித்து, மாத்திரை 'பில்'லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் வரைந்து வைத்திருக்கிறாள். உதடு வெடித்தால் மாத்திரை, தொண்டை அதிர்ந்தால் காசு. இந்த விதியை அவள்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

வகுப்பில் எங்களுக்குப் புத்தகம் கிடையாது. என் பழைய புடவைகள் 20, காலி சோப்பு டப்பாக்கள், விலை எழுதிய ஸ்டிக்கர்கள், பக்கத்துக் கடையில் வாங்கிய ஒரு பில் ரோல். ஒருத்தி கடை, ஒருத்தி வாடிக்கையாளர். மூன்றாமவள் சூப்பர்வைசர், அவள் பேசக்கூடாது, கையைக் கட்டிக்கொண்டு முறைக்க வேண்டும். அந்தப் பாத்திரத்துக்குத்தான் போட்டி!

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். கடைக்காரியாக நிற்கும்போது தடுமாறுகிற பெண், வாடிக்கையாளராக மாறியதும் மழைபோல இங்கிலீஷ் பேசுகிறாள். 'ஹலோ, ஐ யாம் வெயிட்டிங் ஹியர் ஃபார் டென் மினிட்ஸ்! இஸ் திஸ் த வே யூ ட்ரீட் கஸ்டமர்ஸ்? கால் யுவர் மேனேஜர்!' பிசிறே இல்லை. இடுப்பில் கை, தோளில் கற்பனைப் பை, எல்லாம் சரியாக இருக்கும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்புறம்தான் உறைக்கும். தினமும் 10 மணி நேரம் இவர்கள் காதில் விழுகிற இங்கிலீஷ் இது. திட்டுகிற இங்கிலீஷ் இவர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். யாரும் இவர்களிடம் நிதானமாக இங்கிலீஷ் பேசியதே இல்லை.

அதனால் திட்டு வாங்கும்போது பேசுவதற்கும் பயிற்சி கொடுக்கிறேன். 'ஐ அண்டர்ஸ்டாண்ட் மேம். லெட் மீ கால் மை சூப்பர்வைசர்.' இதில் மன்னிப்பு இல்லை, சண்டையும் இல்லை. செய்யாத தப்புக்கு 'சாரி' சொல்லாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். நடந்த சிரமத்துக்கு 'சாரி ஃபார் த டிலே' என்று சொல்லலாம். 'சாரி, மை மிஸ்டேக்' என்பதைத் தன் தப்பு என்றால் மட்டும்தான். இந்த வித்தியாசம் அவர்களுக்கு உடனே பிடிபட்டது, ஏனென்றால் சம்பளத்தில் பிடிப்பது இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் என்று ஒருத்தி சொன்னாள்.

டெலிவரி பையன்கள் மூன்று பேர் வருகிறார்கள். அவர்கள் பிரச்சினை வேறு. முகம் தெரியாது, போன் மட்டும். பழைய மகாபலிபுரம் சாலை அடுக்குமாடிகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் தமிழ் தெரியாதவர்களோ என்று தோன்றும் அளவுக்கு வங்காளம், ஒடிசா, பீகார், டெல்லி. நடுவில் கேட், செக்யூரிட்டி, டவர் நம்பர். 'கம் டவுன்' என்று இவன் சொன்னால் அவருக்கு ஆத்திரம். 'சார், ஐ யாம் அட் த மெயின் கேட். செக்யூரிட்டி இஸ் நாட் அலவிங் மீ. குட் யூ ப்ளீஸ் டாக் டு ஹிம்?' என்று சொல்லி போனைச் செக்யூரிட்டியிடம் நீட்டிவிட வேண்டும். மூன்றே வாக்கியம். இதை முதல் நாள் சொல்லிக் கொடுத்துவிட்டேன், அடுத்த வாரம் வந்து "ஸ்டார் ஏறுது மிஸ்" என்றான் ஒருவன். அவர்களுக்கு மதிப்பெண் கொடுப்பது நான் இல்லை, அந்த ஐந்து நட்சத்திரங்கள்தான்.

இப்போது உறவினர்களில் சிலர் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிகிறது. "தமிழ்நாட்டில், செம்மொழி நிறுவனம் இருக்கிற அதே பெரும்பாக்கத்தில், இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாயா?" என்று என் அண்ணன் நேரிலேயே கேட்டுவிட்டார். அண்ணா, 1968-இல் அண்ணா கொண்டுவந்த இருமொழித் தீர்மானத்தில் ஒன்று தமிழ் என்றால் இன்னொன்று இங்கிலீஷ்தானே? ஒடிசாக்காரரும் ஒக்கியம் துரைப்பாக்கத்துக்காரரும் பேசிக்கொள்ள ஒரு பாலம் வேண்டும், அவ்வளவுதான். கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கடைக்குள் நுழைந்த பிறகு முதலில் எந்த மொழி என்று விதி இல்லை, அங்கேதான் நாம் வேடிக்கை பண்ணுகிறோம். ஒரு பெண் சொன்ன கதை: வாடிக்கையாளர் அம்மா கஷ்டப்பட்டு இங்கிலீஷில் கேட்கிறார், இவள் அதைவிடக் கஷ்டப்பட்டு இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். கால் மணி நேரம். நடுவில் அந்த அம்மாவுக்கு போன் வந்தது. எடுத்ததும், "ஏண்டி, அடுப்புல பால வச்சுப்புட்டு எங்கிட்டுடி போன?" என்று மதுரைத் தமிழ்! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்களாம். அப்புறம் மூன்று சுடிதார் ஐந்து நிமிஷத்தில் விற்றது.

தமிழ் முகம் என்று தோன்றினால் "வாங்க" என்றே ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன். சில கடைகளில் அதற்கு அனுமதி இல்லை, முதல் வாக்கியம் இங்கிலீஷாக இருக்க வேண்டும் என்று உத்தரவாம். அது எந்தப் புத்திசாலி யோசித்ததோ.

இன்னொரு வாக்கியத்துக்கு நாங்கள் ரொம்ப நேரம் செலவழித்தோம். சுலபமான வாக்கியம்தான். 'ஐ லிவ் இன் பெரும்பாக்கம்.'

இன்டர்வியூவில் 'வேர் டு யூ ஸ்டே?' என்று கேட்டால், 14 பேரில் 9 பேர் 'மேடவாக்கம்' அல்லது 'சோழிங்கநல்லூர்' என்கிறார்கள். வாரியக் குடியிருப்பு என்று தெரிந்தால், கேட்பவர் முகம் மாறுகிறதாம். ஒருத்திக்கு, 'வீ வில் கால் யூ' என்று அந்த இடத்திலேயே பேச்சு முடிந்திருக்கிறது. இது கண்ணகி நகரிலிருந்து வருகிற பிள்ளைகளும் வருஷக்கணக்காகச் சொல்லும் கதை. நான் அவர்களிடம் பொய் சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. வேலை வேண்டியது அவர்களுக்கு. ஆனால் முழு வாக்கியத்தையும் தலை குனியாமல் சொல்லிப் பழகுங்கள், பிறகு சொல்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம் என்றேன். 'ஐ லிவ் இன் பெரும்பாக்கம், சார். இட் டேக்ஸ் ஃபார்ட்டி மினிட்ஸ் பை பஸ். ஐ கேன் கம் ஃபார் த மார்னிங் ஷிஃப்ட்.' இடத்தைச் சொன்ன அதே மூச்சில் நேரத்தையும் ஷிஃப்டையும் சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் முகம் மாறுவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இது இஸ்திரி அம்மாவின் மகள் கண்டுபிடித்த உத்தி. அவளுக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலையும் கிடைத்தது. பெரும்பாக்கம் என்று சொல்லித்தான் கிடைத்தது.

நாள் முழுக்க நிற்பதைப் பற்றியும் பேச்சு வரும். 'அங்காடித் தெரு' படம் 2010-இல் வந்தது, பார்த்திருப்பீர்கள். 2021-இல் நம் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். கேரளம் அதற்கு முன்பே 2018-இல் செய்துவிட்டது. இந்தச் சட்டம் இருப்பது என் வகுப்பில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அதற்கான வாக்கியத்தை மட்டும் தமிழிலேயே சொல்லச் சொல்லிவிட்டேன்.

சில அம்மாக்களும் பின்னால் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் விற்பவர்கள் இல்லை, வாங்குபவர்கள். போன மாதம் ஓர் அம்மா வாங்கிய மிக்ஸி நாலாவது நாளே புகைந்துவிட்டது. கடையில் போய்க் கேட்டால் கம்பெனிக்குப் போன் பண்ணு என்கிறார்கள். போன் பண்ணினால் இங்கிலீஷ். பயந்து வைத்துவிட்டார். அவருக்கு நான் சொல்லிக் கொடுத்த முதல் இங்கிலீஷ் வாக்கியம், 'கேன் ஐ ஸ்பீக் இன் தமிழ், ப்ளீஸ்?' இதைவிடப் பயனுள்ள இங்கிலீஷ் வாக்கியம் நம் ஊரில் கிடையாது என்பது என் கட்சி. பல இடங்களில் உடனே தமிழ் பேசுபவருக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்புறம் ஆறே சொல்: பில், டேட், மாடல், ப்ராப்ளம், ரீப்ளேஸ், ரீஃபண்ட்.

இங்கே மொழியைவிடச் சட்டம்தான் தைரியம் கொடுக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்பதும் அப்படித்தான். பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அதற்குள். ஒன்றும் போடவில்லை என்றால் 30 நாள். 'நோ ரிட்டர்ன்' என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. எதற்கும் மசியவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அந்த அம்மா பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு, "தேர்ட்டி டேஸ்" என்று இரண்டே சொல் சொன்னாராம் கடையில். புது மிக்ஸி வந்துவிட்டது. இப்போது குடியிருப்பில் யாருக்கு எது ரிப்பேர் ஆனாலும் அவரைத்தான் கூட்டிப் போகிறார்கள்.

அந்த 'வாட் யூ வாண்ட்' பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புரொபேஷன் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குப் பிறகு புகார் எதுவும் வரவில்லை. வாரத்துக்கு இருமுறை எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புகிறாள். நேற்று அனுப்பியதில், ஒரு வட இந்தியத் தம்பதிக்குப் பட்டுப்புடவையையும் ஆர்ட் சில்க்கையும் வித்தியாசம் சொல்லி விளக்கியிருக்கிறாள். இலக்கணம் அங்கங்கே நொண்டுகிறது. ஆனால் 'யூ கேன் டேக் யுவர் டைம், மேம்' என்று நடுவில் ஒரு வரி சொன்னாளே, அதை நான் சொல்லித் தரவில்லை. "பொறுமையா பாருங்கக்கா" என்பதை அவளே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். வேலை நிரந்தரமா என்பது அடுத்த மாதம் 5-ஆம் தேதிதான் தெரியும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. என் மாணவிகளில் பாங்கில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரி ஃப்ரண்ட் ஆபீஸில் இருப்பவர்கள், கால் சென்டரில் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர்கள், சிங்கப்பூரிலும் டல்லஸிலும் கடைக்குப் போகிறவர்கள், எல்லோரும்தான். 30 விநாடி வாய்ஸ் நோட் ஒன்று எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வாடிக்கையாளர் மாதிரி பேசி அனுப்ப வேண்டும். ஏதாவது கேளுங்கள், விலை கேளுங்கள், சைஸ் மாற்றக் கேளுங்கள், முகவரி சொல்லுங்கள். எனக்காக மெதுவாகப் பேசாதீர்கள், நிஜ வேகத்தில் பேசுங்கள். வீட்டில் மலையாளி, பஞ்சாபி, வங்காளி மருமகனோ மருமகளோ இருந்தால் அவர்களையும் பேசச் சொல்லுங்கள், என் ஒரு குரலையே கேட்டு இந்தப் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. கோபமான வாடிக்கையாளர் மட்டும் வேண்டாம், அந்தச் சரக்கு எங்களிடம் நிறைய இருக்கிறது. திங்கள் ராத்திரிக்குள் அனுப்பினால் செவ்வாய் வகுப்பில் போட்டுவிடுவேன். அப்புறம், விலை ஸ்டிக்கர் அடிக்கும் கை மெஷின் யார் வீட்டுக் கடையிலாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.